முகம் மாற்றும் காய்ச்சல்

மருத்துவ நூல்களில் நோய்கள் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இன்ன நோய்க்கு இன்ன அறிகுறிகள், இத்தனை நாள் காய்ச்சல், இன்ன மருந்து என அவற்றை அட்டவணையாகக் கற்க இயலும். மருத்துவமனைக்கு வரும் நோயரின் உடலோ அந்த அட்டவணைக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. நெஞ்சில் தொடங்கும் என எதிர்பார்க்கப்படும் நோய் முதுகில் தொடங்குகிறது. தோலில் தெரியவேண்டியது மூளையில் வெளிப்படுகிறது. ஒரு தொற்றுநோய் தன் வழக்கமான முகத்தை மாற்றிக்கொண்டு வரும்போது அதனை அடையாளம் காண்பது எவ்வாறு? இவ்வினாவிற்கான விடையை உண்ணிக் காய்ச்சல் என்னும் நோயின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வரலாற்றின் முதன்மையான பகுதி ஒன்றில் சென்னையின் மேற்குப் புறநகருக்கும் பங்குண்டு.

நூலில் உள்ள நோயும் நோயரிடம் உள்ள நோயும்

காசநோய் என்றதும் இருமலும் சளியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், காசநோய்க் கிருமி நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. நிணநீர்க்கணுக்கள், முதுகெலும்பு, மூளையுறை, குடல், கண் எனப் பல உறுப்புகளில் அது குடியேறக்கூடும். முதுகெலும்பில் குடியேறினால் நோயர் முதுகுவலி என்றே மருத்துவரிடம் வருவார், ஒருமுறைகூட இருமியிருக்கமாட்டார். தொழுநோய் பெரும்பாலும் உணர்வற்ற தேமலாகத் தோலில் தெரியும். சிலரிடம் தோலில் எந்த மாற்றமும் இன்றி, கைவிரல்கள் மரத்துப்போவது ஒன்றே அறிகுறியாக அமையும். டெங்குக் காய்ச்சல் சிலருக்குக் கல்லீரலையும் இதயத் தசையையும் மூளையையும் தாக்குவது உண்டு. இத்தகைய நிலைகளை நோயின் வழக்கத்திற்கு மாறான வெளிப்பாடுகள் என்பர். நோய் முற்றுவதால் உறுப்புகளுக்கு நேரும் கேடுகளைப் பின்விளைவுகள் என்பர். முன்னதைக் கண்டறியத் தவறினால் பின்னது நேர்வதற்கு வழி ஏற்படுகிறது.

நோய் முகம் மாற்றுவதற்குக் காரணங்கள் பல. கிருமி உடலின் எப்பகுதியைத் தாக்குகிறது என்பது முதற்காரணம். நோயரின் வயது, கருவுற்ற நிலை, நீரிழிவு போன்ற பிற நோய்கள், நோயெதிர்ப்புத் திறன் ஆகியவை அடுத்தவை. முதியவர் ஒருவருக்குக் கடுமையான தொற்று ஏற்பட்டும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம்; தடுமாற்றமான பேச்சு மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். நோயர் எத்தனையாவது நாளில் மருத்துவரை அணுகுகிறார் என்பதும், அதற்குமுன் கடையில் தாமாக வாங்கி உண்ட மாத்திரைகள் எவை என்பதும் நோயின் தோற்றத்தை மாற்றுகின்றன.

பல முகங்கள் கொண்ட நோய்களுள் உண்ணிக் காய்ச்சல் குறிப்பிடத்தக்கது. இதனை மருத்துவர்கள் ‘ஸ்கிரப் டைபஸ்’ என்பர். ‘ஸ்கிரப்’ என்பது புதர்க்காட்டைக் குறிக்கும் சொல். நோய் எங்கிருந்து வருகிறது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

புதரில் ஒரு செம்புள்ளி

கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகள் மண்ணிலும் புல்லிலும் வாழ்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இவற்றின் இளவுயிரி ஆறு கால்களை உடையது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத அளவினது, செம்மஞ்சள் நிறமுடையது. வளர்ந்த சிற்றுண்ணி மனிதரைக் கடிப்பதில்லை. அது மண்ணிலுள்ள நுண்ணிய பூச்சிகளின் முட்டைகளை உண்டு வாழ்கிறது. இளவுயிரிப் பருவத்தில் மட்டும், வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அதற்கு ஒரு விலங்கின் உடல்நீர் உணவாகத் தேவைப்படுகிறது. எலி, மூஞ்சூறு போன்றவற்றின் காதுகளில் இவ்விளவுயிரிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். புல்வெளியில் அமர்பவரும் புதரை வெட்டுபவரும் தற்செயலாக அவற்றிற்கு இரையாகின்றனர்.

இவ்விளவுயிரி இரத்தத்தை உறிஞ்சுவதில்லை. தோலின் மென்மையான இடத்தைத் தேடிச் சென்று, தன் உமிழ்நீரால் திசுவைக் கரைத்து, அந்நீர்மத்தை உறிஞ்சுகிறது. அப்போது ‘ஓரியன்சியா சுட்சுகாமுசி’ என்னும் பாக்டீரியா மனித உடலுக்குள் நுழைகிறது. கடிபட்டவருக்கு வலியோ அரிப்போ பெரும்பாலும் தோன்றுவதில்லை. தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே இப்பாக்டீரியா அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. எனவே, நோயுற்ற எலியைக் கடிக்காத இளவுயிரியும் பிறக்கும்போதே கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். எலிகளை மட்டும் ஒழித்து இந்நோயை ஒழித்துவிட இயலாததற்கு இதுவே காரணம். நோயரிடமிருந்து மற்றொருவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை.

தெரிந்து தெளிவோம்
டைபஸ், டைபாய்டு என்னும் பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் அவை வெவ்வேறு நோய்கள். புகை, மயக்கம் ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘டைபஸ்’ தோன்றியது. நோயரின் அறிவு மங்கிய நிலையை அது குறித்தது. ‘டைபஸ் போன்றது’ என்னும் பொருளில் ‘டைபாய்டு’ என்ற பெயர் அமைந்தது. டைபாய்டு உணவாலும் நீராலும் பரவும் குடற்காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல் சிற்றுண்ணியால் பரவுவது. ‘சுட்சுகாமுசி’ என்பது சப்பானியச் சொல். ‘தீங்கு தரும் பூச்சி’ என்பது அதன் பொருள். 1995ஆம் ஆண்டில் இப்பாக்டீரியா ‘ஓரியன்சியா’ என்னும் தனிப் பேரினமாக வகைப்படுத்தப்பட்டது.

ஒரு நோய், பல தோற்றங்கள்

கடிபட்டு ஆறு முதல் இருபத்தொரு நாள்களுக்குள், பெரும்பாலும் பத்து நாள்களை ஒட்டி, காய்ச்சல் தொடங்குகிறது. கடுந்தலைவலி, உடல்வலி, குமட்டல், இருமல் ஆகியவை உடன்வருகின்றன. இவ்வறிகுறிகளில் எதுவும் உண்ணிக் காய்ச்சலுக்கு மட்டும் உரியதன்று. டெங்கு, மலேரியா, குடற்காய்ச்சல், எலிக்காய்ச்சல் ஆகிய அனைத்தும் தொடக்கத்தில் இவ்வாறே தோன்றும். மேலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவை எல்லாம் ஒருசேரப் பரவுகின்றன.

ஓரியன்சியா பாக்டீரியா, சிறிய குருதிக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து பெருகும் இயல்புடையது. குருதிக்குழாய் இல்லாத உறுப்பு உடலில் அரிது. ஆகவே, இந்நோய் எந்த உறுப்பையும் தாக்கவல்லது. உட்சுவர் பழுதுபட்டால் குருதிக்குழாயிலிருந்து நீர் கசிகிறது. அக்கசிவு நுரையீரலில் மிகுந்தால் நோயர் மூச்சுத்திணறலோடு வருவார். மருத்துவர் நிமோனியா என எண்ணுவார். கல்லீரல் பாதிக்கப்பட்டால் கண் மஞ்சளாகும். மஞ்சட்காமாலை என எண்ணுவர். இரத்தத் தட்டுகள் குறைந்தால் டெங்கு எனக் கருதுவர். வயிற்றுவலி மிகுந்தால் குடல்வால் அழற்சியோ பித்தப்பை அழற்சியோ என ஐயுறுவர். அறுவை சிகிச்சை வரை சென்ற நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிலருக்குக் காது கேட்கும் திறன் திடீரெனக் குறையும். சிறுநீரகம் செயலிழத்தல், இதயத் தசை அழற்சி, இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகியவை இந்நோயின் கடுமையான பின்விளைவுகள். மூளையும் மூளையுறையும் தாக்கப்பட்டால் வலிப்பும் நினைவிழப்பும் ஏற்படுகின்றன.

தோற்றம் பலவாக இருப்பினும் உள்ளே நிகழ்வது ஒன்றே. குருதிக்குழாயின் உட்சுவர் சிதைகிறது. ஒரே காய்ச்சலில் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எனத் தொடர்பற்றவைபோல் தோன்றும் உறுப்புகள் ஒன்றாகப் பாதிக்கப்படுவதைக் கண்டால், அவற்றை இணைக்கும் ஒற்றைக் காரணத்தைத் தேடவேண்டும் என்பது மருத்துவம் கற்போர் இதிலிருந்து பெறும் பாடம்.

கரும்பொருக்கு

இத்தனை வேடங்களுக்கு இடையிலும் இந்நோய் ஓர் அடையாளத்தை விட்டுச்செல்கிறது. சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிறு கொப்புளம் தோன்றி, புண்ணாகி, பின்னர்க் கருநிறப் பொருக்காக மாறுகிறது. சுற்றிலும் சிவந்த விளிம்பு காணப்படும். சுருட்டு நெருப்பால் சுட்ட வடுவைப்போல அது தோன்றும். மருத்துவர்கள் அதனை ‘எஸ்கார்’ என்பர். காய்ச்சலோடு இக்கரும்பொருக்கும் காணப்பட்டால், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவதற்கு அதுவே போதிய சான்று.

எனினும் இவ்வடையாளம் எளிதில் தவறவிடப்படுகிறது. அது வலிப்பதில்லை, அரிப்பதில்லை. எனவே, நோயரே அதனை அறிந்திருப்பதில்லை. சிற்றுண்ணி தேடிச் செல்லும் மென்மையான இடங்கள் ஆடைக்குள் மறைந்திருப்பவை: அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் ஆடையை இறுக்கிக் கட்டும் இடம், மார்பின் அடிப்பகுதி, காதின் பின்புறம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வொன்று, ஆண்களிடம் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பெண்களிடம் மார்பிலும் வயிற்றிலும் இப்பொருக்கு மிகுதியாகக் காணப்படுவதைப் பதிவு செய்துள்ளது. அங்குச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இவ்வடையாளம் இருந்தது. எஞ்சிய பாதிப் பேரிடம் காணப்படவில்லை. ஆகவே, பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சலை உறுதியாக ஐயுறலாம். இல்லை என்பதனால் அந்நோய் இல்லை என முடிவு செய்தல் ஆகாது.

கூட்டம் நிறைந்த புறநோயர் பிரிவில் ஒவ்வொருவரையும் ஆடை விலக்கி, உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்ப்பது எளிதன்று. நோயரின் நாணமும் இடமின்மையும் நேரமின்மையும் குறுக்கே நிற்கின்றன. ஆயினும் பல ஆயிரம் ரூபாய் செலவாகும் ஆய்வுகளால் தெரியாத ஒன்று, ஒரு திரையின் மறைவில் இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்ப்பதால் தெரிந்துவிடக்கூடும்.

ஆவடியில் தொடங்கிய மரபு

உடல் முழுவதையும் உற்றுநோக்கும் மருத்துவ மரபு சென்னையின் மேற்குப் புறநகருக்குப் புதிதன்று. தொழுநோய் ஆய்வுக்கான களப்பிரிவு ஒன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆவடியில் நடத்திவந்தது. தோலில் உணர்வற்ற திட்டுகள் உள்ளனவா என வீடு வீடாகச் சென்று பார்ப்பது அதன் பணி. 1990களில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பேராய்வு அன்றைய செங்கற்பட்டு மாவட்டப் பகுதியில் நடைபெற்றது. ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் தாமாக முன்வந்து பங்கேற்றனர். மருத்துவர் மோ. த. குப்தே தலைமையிலான குழு 1998ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டது.

1999ஆம் ஆண்டில் ஆவடிக் களப்பிரிவும் சென்னையில் இயங்கிய மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்றிணைந்து தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உருவாயிற்று. அது இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்குகிறது. நோயரின் உடலைப் பார்க்கும் கண்ணும், மக்கள்தொகையைக் கணக்கிடும் கணிதமும் அங்கு ஒன்றுசேர்ந்தன. ஒரு நோயருக்கு என்ன நோய் என்பது மருத்துவரின் கேள்வி. ஓர் ஊரில் யாருக்கு, எப்போது, எங்கு, ஏன் நோய் வருகிறது என்பது தொற்றுநோயியலின் கேள்வி. இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் முதற்கேள்விக்குத் தவறான விடையே பல்லாண்டுகள் தொடரக்கூடும். இதற்குக் கோரக்பூர் சான்றாகிறது.

கோரக்பூரின் குழந்தைகள்

உத்தரப்பிரதேசத்தின் கிழக்கே உள்ள கோரக்பூர்ப் பகுதியில் 1978ஆம் ஆண்டில் சப்பானிய மூளைக்காய்ச்சல் பெருமளவில் பரவியது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் குழந்தைகள் காய்ச்சலும் வலிப்பும் நினைவிழப்புமாக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். பலர் இறந்தனர், பிழைத்தவர்களில் சிலர் உடற்குறைபாட்டோடு வாழ்ந்தனர். 2005ஆம் ஆண்டில் மட்டும் அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஐயாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

2006ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்குச் சப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. ஆய்வகங்களில் அவ்வைரஸ் கண்டறியப்படுவது குறைந்தது. ஆனால், குழந்தைகள் மூளைக்காய்ச்சலோடு வருவது நிற்கவில்லை. வேறு வைரசுகளோ, மாசடைந்த குடிநீரோ காரணமாக இருக்கலாம் எனப் பலவாறு கருதப்பட்டது. காரணம் அறியப்படாத நோயர் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகியது.

2014ஆம் ஆண்டுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்த மனோஜ் முரேக்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதலிய நிறுவனங்களோடு இணைந்து இப்புதிரை ஆராய்ந்தனர். சில தடயங்கள் அவர்கள் கவனத்தை ஈர்த்தன. குழந்தைகள் பலருக்கு மூளை மட்டும் பாதிக்கப்படவில்லை. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. மூளையை மட்டும் தாக்கும் வைரஸ் நோயில் இவ்வாறு நேர்வது வழக்கமன்று. மேலும், வலிப்பும் மயக்கமும் காய்ச்சல் தொடங்கிய அன்றே வரவில்லை. சில நாள்கள் கழித்தே வந்தன. இரத்தத்தை ஆய்ந்தபோது, மூளைக்காய்ச்சலுற்ற குழந்தைகளில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் ஓரியன்சியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. உண்ணிக் காய்ச்சலே மூளைக்காய்ச்சலின் முகத்தை அணிந்து வந்திருந்தது.

அடுத்து, அக்கிருமி அப்பகுதியில் உண்மையிலேயே உலவுகிறதா என அறியவேண்டியிருந்தது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் சிற்றூர்களில் எலிகளையும் மூஞ்சூறுகளையும் பிடித்து ஆராய்ந்தனர். அவற்றின் உடலில் சிற்றுண்ணிகள் இருந்தன. நோயுற்ற குழந்தைகளின் வாழ்க்கைமுறை, நோயுறாத குழந்தைகளின் வாழ்க்கைமுறையோடு ஒப்பிடப்பட்டது. வயல்வெளியில் விளையாடுதல், கால்நடைத் தீவனத்தைக் கையாளுதல், வீட்டினுள் விறகைச் சேமித்தல், திறந்தவெளியில் மலங்கழித்தல் ஆகியவை நோய்வாய்ப்பை மிகுவிப்பது தெரியவந்தது.

இக்கண்டுபிடிப்பின் பயன் மருந்தில் விளங்கிற்று. வைரஸ் மூளைக்காய்ச்சலுக்கு நேரடி மருந்து அரிது. உண்ணிக் காய்ச்சலுக்கோ விலை குறைந்த மருந்து உண்டு. காய்ச்சலுக்கும் மயக்கத்திற்கும் இடைப்பட்ட அந்தச் சில நாள்களே சிகிச்சைக்கு உரிய காலம். எனவே, காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வழங்குமாறு பரிந்துரைக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த போராட்டம் சிற்றூரின் சுகாதார நிலையத்திற்கு இடம் மாறியது. தடுப்பூசி, துப்புரவு, மேம்பட்ட குழந்தை மருத்துவ வசதிகள் ஆகியவற்றோடு இதுவும் சேர, பின்வந்த ஆண்டுகளில் அப்பகுதியில் மூளைக்காய்ச்சலும் அதனாலான இறப்பும் குறைந்தன.

பெயர் தெரிந்தால் மருந்து எளிது

இரண்டாம் உலகப்போரின்போது அசாம்–பர்மா எல்லைப் புதர்க்காடுகளில் இருந்த படைவீரர்கள் பலர் உண்ணிக் காய்ச்சலால் மாண்டனர். அன்று அதற்கு மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற ஆய்வில் குளோரம்பெனிக்கால் என்னும் எதிர்நுண்ணுயிரி மருந்து இந்நோயைக் குணப்படுத்துவது நிறுவப்பட்டது. இன்று டாக்சிசைக்ளின் முதன்மை மருந்தாக விளங்குகிறது. கருவுற்ற மகளிருக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. உரிய மருந்து தொடங்கிய இரண்டு நாள்களுக்குள் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தணிந்துவிடுகிறது.

இங்கு ஒரு முரண் உண்டு. கடுமையான காய்ச்சலுக்கு மருத்துவமனைகளில் பெரும்பாலும் பயன்படும் பென்சிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகள் இந்நோய்க்குப் பயன்படுவதில்லை. அவை பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குபவை. ஓரியன்சியாவோ மனிதச் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது. அதன் செல்சுவரும் பிற பாக்டீரியாக்களின் செல்சுவர் போன்றதன்று. எனவே, விலை மிகுந்த ஊசிமருந்துகள் தோற்குமிடத்தில் எளிய மாத்திரை ஒன்று வெல்கிறது. ஆனால், அம்மாத்திரையைத் தரவேண்டும் எனத் தோன்றுவதற்கு நோயின் பெயர் மருத்துவரின் நினைவுக்கு வரவேண்டும். சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுவரும், பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரும் உயிரிழப்பதாகப் பல்வேறு ஆய்வுகளைத் தொகுத்த கணக்கீடுகள் தெரிவிக்கின்றன. அந்த இடைவெளியே காலத்தே கண்டறிவதன் மதிப்பு.

கடுமையான நிலையை அடைந்தவர்களுக்கு எது சிறந்த சிகிச்சை என்பதையும் தமிழ்நாட்டு மருத்துவர்களே முன்னின்று ஆராய்ந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் சிரைவழிப் பெற்றவர்களைவிட இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் நல்ல பயன் அடைந்தனர். இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் பின்விளைவு, ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், ஒரு மருந்து பெற்ற குழுக்களில் 47, 48 விழுக்காட்டினர்; இரு மருந்துகளும் பெற்ற குழுவில் 33 விழுக்காட்டினர். எனினும், இறப்பை மட்டும் தனியே நோக்கினால் மூன்று குழுக்களிலும் அது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நோய் முற்றியபின் மருந்துகளால் இயலுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

ஆய்வகச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. நோயெதிர்ப் பொருள்கள் குருதியில் போதிய அளவு உருவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. ஆகவே, மூன்றாம் நாள் செய்த சோதனையில் ‘இல்லை’ என வந்தால் அது முடிந்த முடிபன்று. சோதனைத்தாளோடு நோயரின் உடலையும் அவர் வாழும் சூழலையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

புறநகரும் புதரும்

உண்ணிக் காய்ச்சலைச் சிற்றூர்களுக்கும் மலையடிவாரங்களுக்கும் மட்டும் உரிய நோயாகக் கருதுவது பிழை. சென்னையைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் இந்நோய் பதிவாகி வருகிறது. மழையும் குளிரும் கூடிய மாதங்களில் மிகுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளின் நில அமைப்பை நோக்கினால் இதன் காரணத்தை உணரலாம். தொழிற்பேட்டைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே இன்றும் ஏரிகள் உள்ளன; கரைகளில் கோரையும் முட்புதரும் வளர்கின்றன. விற்கப்பட்டும் வீடு கட்டப்படாத மனைகள் மழைக்குப்பின் ஆள் உயரப் புல்லால் நிறைகின்றன. குப்பை சேரும் இடத்தில் எலிகள் பெருகுகின்றன. புதர், எலி, சிற்றுண்ணி, மனிதர் ஆகிய நான்கும் சந்திக்கும் எல்லைநிலமாகப் புறநகர் அமைகிறது.

இந்நோய்க்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. ஆயினும் தற்காத்துக்கொள்ளும் வழிகள் எளியவை. வீட்டைச் சுற்றியும் பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரங்களிலும் வளரும் புதர்களை அகற்றவேண்டும். புல்வெளியில் வெறுந்தரையில் அமர்வதையும் படுப்பதையும் ஈரத்துணியைப் புதர்மேல் உலர்த்துவதையும் தவிர்க்கவேண்டும். புதரை வெட்டுவோர் முழுக்கைச் சட்டையும் காலுறையும் மூடிய காலணியும் அணிதல் வேண்டும். பணிமுடிந்து திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, ஆடையை வெந்நீரில் துவைத்தால் ஒட்டியிருக்கும் இளவுயிரிகள் நீங்கிவிடும்.

நால்வர் கடமை

மருத்துவம் என்பது நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் நான்கு கூறுகளை உடையது எனத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் வகுக்கிறது. முகம் மாற்றும் நோயை வெல்வதற்கு இந்நான்கும் இணையவேண்டும். எங்குச் சென்றோம், எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது, எந்த மாத்திரையை உண்டோம் என்பவற்றை மறைக்காமல் சொல்வது நோயுற்றவரின் பங்கு. கேட்கவும் உடல் முழுவதும் பார்க்கவும் நேரம் ஒதுக்குவது மருத்துவரின் பங்கு. உரிய மருந்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்வது அரசின் பங்கு. குளிப்பாட்டும்போதும் ஆடை மாற்றும்போதும் குழந்தையின் அக்குளிலோ முதியவரின் இடுப்பிலோ கண்ட சிறு கரும்பொருக்கை ‘ஏதோ பூச்சிக்கடி’ என விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது உடனிருப்போரின் பங்கு.

மழைக்காலத்தில் காய்ச்சல் ஐந்து நாள்களைக் கடந்தும் தணியவில்லையெனில் ஒரு வினாவை எழுப்பலாம்: “இது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடுமா?” மருத்துவர் அதனைத் தவறாகக் கொள்ளமாட்டார். கோரக்பூரில் பல்லாண்டுகளாகக் கேட்கப்படாமல் இருந்ததும் இவ்வினாவே.